ஆறாவது முளை

என்ர மனுசனுக்கு ரெண்டு பெருமை இருந்தது. ஒண்டு, தங்கட வீட்டுக் கோப்பியைப் போல ஒரு கோப்பி யாழ்ப்பாணத்திலயே இல்லை எண்டது. மற்றது, தனக்குத் தெரியாத கைவேலை உலகத்தில இல்லை எண்டது. முதலாவது உண்மை. ரெண்டாவது எவ்வளவு பெரிய புளுகு எண்டு டென்மார்க்கில கிரின்ஸ்டெட் எண்ட ஊருக்கு வந்த முதல் மாரியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

எண்பதுகளின்ர நடுவில, அகதியா வந்து இறங்கின எங்களுக்கு கொம்மூன், அதுதான் நகரசபை, ஊர் விளிம்பில ஒரு பழைய செங்கல் வீட்டை ஒழுங்கு பண்ணித் தந்தது. பக்கத்து வீட்டில தனிய இருந்த டெனிஷ் கிழவிக்குச் சொந்தமான வீடு. குசினி உக்கிப் போய்க் கிடந்தது. நிலத்தில ஒரு கிழங்கை வைச்சா உருண்டு மற்றப் பக்கச் சுவரில போய் முட்டும். பலகை, ஆணி, பெயின்ற் எல்லாம் தான் வாங்கித் தாறன், வேலையை நீங்களே செய்யுங்கோ எண்டு கிழவி சொன்னா. இவர் உடன தலையாட்டினார். என்ர மனுசனை நான் இவர் எண்டுதான் சொல்லுவன், இனி இந்தக் கதையில இவர் எண்டா அவர்தான்.

இவர் ஊரில கந்தோரில பேனை பிடிச்ச ஆள். ஒரு சனிக்கிழமை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பழைய அலுமாரியைக் கழட்டுறன் எண்டு வெளிக்கிட்டார். அலுமாரியோட சேத்துத் தண்ணிப் பைப்பையும் கழட்டிப்போட்டார். முழங்கால் மட்டும் நனைஞ்சபடி நிண்டுகொண்டு, டென்மார்க் சுத்தியல் சரியில்லை, பிடி பாரம் எண்டு சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். நான் வாளியோட நிண்டன், சிரிக்கவும் பயம், அழவும் பயம்.

கோப்பி விசயத்தில மட்டும் நான் இவரைக் குறை சொல்ல மாட்டன். கடையில வறுத்த கொட்டையை வாங்கி வந்து, நான் திரும்பவும் தாச்சியில போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டுவன். மல்லியும் சுக்கும் நாலு மிளகும் தனிய வறுத்துச் சேப்பன். மல்லியும் சுக்கும் தலைநகரப் பக்கம் இஷொயில இருந்த ஒரு சிநேகிதப் பெடியன் மாசத்துக்கு ஒருக்கா அனுப்புவான். அரைக்கிறதுக்குக் கிழவி தன்ர தாயின்ர சுவர் மில்லைக் கழட்டித் தந்தா, அதோட நீலப் பூப் போட்ட ஆறு பீங்கான் கோப்பையும் தந்தா. இவர் கோப்பையை மூக்கடியில பிடிச்சுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப்போட்டுத்தான் வாயில வைப்பார். மிளகு ஒண்டு கூடினாலும் சொல்லிப்போடுவார்.

குசினி ரெண்டு கிழமை அப்பிடியே பிளந்து கிடந்தது. மொழி வகுப்பில ஆரோ சொல்லிச்சினம், ஊரின்ர மற்றத் தொங்கலில எங்கட ஆள் ஒருவர் இருக்கிறார், குவைத்தில கனகாலம் மரவேலை செய்தவர், இப்ப தொழிற்சாலையில நிக்கிறார், கேட்டா வருவார் எண்டு. கேட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில ஆயுதப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும். என்னைக் கண்டதும் தங்கச்சி எண்டார், நானும் அண்ணை எண்டன். அந்தக் குளிருக்குள்ள அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும் போல இருந்தது.

முதல் நாள் நீலப்பூக் கோப்பையிலதான் கோப்பி குடுத்தன். அவர் வாயில வைக்க முந்தி மணந்து பாத்தார். சுக்கும் மல்லியும் எல்லாரும் போடுவினம், ஆனா இதில மிளகும் இருக்குது, வறுத்துப் போட்டிருக்கு எண்டார். இவருக்கு வாயெல்லாம் பல்லு. கோப்பி தெரிஞ்ச மனுசன் ஒருத்தனைக் கண்ட சந்தோசத்தில பக்கத்தில இருத்தி, ஊர் எது எண்டு கேட்டார்.

எங்கட ஆக்களுக்கு இது ஒரு கலை. சாதியை ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்க மாட்டினம், அது மரியாதை இல்லையாம். ஊரைக் கேப்பினம். பிறகு ஊரில எவடம் எண்டு கேப்பினம். பிறகு எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, ஆற்ற மகன். நாலு கேள்விக்குள்ள ஆள் பிடிபட்டிடும். அவர் நாலாவது வரைக்கும் இவரை அலைக்கழிக்கேல்லை. ரெண்டாவது கேள்விக்கே தன்ர குறிச்சியின்ர பேரைச் சொல்லிப்போட்டு, கோப்பைக்குள்ள பாத்துக்கொண்டிருந்தார். இவரின்ர பல்லு உள்ள போச்சு. நாளைக்கு மழை வரும் போல எண்டார்.

அந்தக் குறிச்சி எங்கட ஊருக்கு அடுத்தது. அங்கத்தைய ஆக்கள் எங்கட வேலிக்கு வெளியில நிண்டுதான் அம்மாவோட கதைப்பினம். அம்மாவை நாச்சியார் எண்டுவினம், அப்பாவை நயினார் எண்டுவினம். தலை நரைச்ச கிழவன் ஒருத்தர் ஆறு வயசுப் பெட்டை என்னையும் நாச்சியார் எண்டு கூப்பிடுவார். எனக்கு அது நல்ல பெருமையா இருந்தது. பொய் சொல்லி என்ன.

அவர் சைக்கிளில ஏறிப் போன கையோட இவர் வந்து, அந்தக் கோப்பையை உடை எண்டார்.

நல்ல கோப்பையெல்லோ, கிழவி தந்ததெல்லோ, இஞ்ச டென்மார்க்கில ஆர் பாக்கப்போகினம் எண்டு கேட்டன்.

"நாங்கள் பாக்கிறம் தானே" எண்டார்.

நான் அந்தக் கோப்பையைப் பேப்பரில சுத்தி, பின் வாசல் படியில வைச்சுச் சுத்தியலால ஒரு போடு போட்டன். அந்தச் சுத்தியல் எங்கட வீட்டில சரியாச் செய்த முதல் வேலை அதுதான்.

ஆனா ஆளை வர வேண்டாம் எண்டு சொல்ல இவருக்கு விசரே? குசினி பிளந்து கிடக்குது, மனுசன் காசும் வேண்டாம் எண்டிட்டார், தங்கச்சியின்ர கோப்பி போதும் எண்டிட்டார். அதால அவர் வரலாம், வேலை செய்யலாம். அவர் சீவின பலகையில நான் மாப் பிசையலாம், அவர் குடிச்ச கோப்பையில நாங்கள் வாய் வைக்கேலாது. பழஞ்சாமான் கடையில ஒரு இனாமல் பேணி எடுத்தன். வெள்ளைப் பேணி, விளிம்பு நீலம், கைபிடியில ஒரு இடம் கொத்துப்பட்டு கறுத்திருந்தது. அதைக் கழுவுற தொட்டிக்குக் கீழ, குப்பை வாளிக்குப் பக்கத்தில வைச்சன். அவர் வந்தா அதில ஊத்தி ஜன்னல் கட்டில வைப்பன். குடிச்சு முடிச்சா, தொடாமல், மேல நிண்டு சுடுதண்ணியை ஊத்தி அலசிப்போட்டுத் திரும்பக் கீழ வைப்பன். அண்ணை எண்டு கூப்பிடுறதையும் விட்டிட்டன். கோப்பி இருக்குது எண்டு ஜன்னலுக்குச் சொல்லுவன். வீட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் அவன் எண்டுதான் கதைச்சம். இப்ப எழுதேக்க அவர் எண்டு எழுதிறன். இப்ப மரியாதை குடுக்கிறது லேசு.

அவர் ஒரு சொல்லும் கேக்கேல்லை. நேற்றுக் கோப்பை, இண்டைக்குப் பேணி எண்டு ஒரு பார்வை கூடப் பாக்கேல்லை. பேணியை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக் குடிப்பார். அதனால அவருக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சன். குவைத்தில கனகாலம் இருந்த மனுசன், மறந்திருப்பார் எண்டு நினைச்சன். எனக்கு வசதியானதை நான் நினைச்சன்.

ஒவ்வொரு சனி ஞாயிறும் வந்தார். எங்களுக்கு வகுப்பில்லாத நாளில, தன்ர வேலை முடிஞ்சும் வந்தார். சரிஞ்ச நிலத்துக்குக் கீழ ஆப்பு வைச்சு நேராக்கினார். பைப்பைப் பொருத்தினார். நிண்டு சமைக்கிற மேல் கட்டுப் போட முந்தி என்னைச் சுவரோட நிக்கச் சொன்னார். முழங்கையை மடக்குங்கோ தங்கச்சி எண்டார். நான் மடக்கினன். தன்ர கை படாமல், எட்ட நிண்டு, என்ர முழங்கை உயரத்துக்குச் சுவரில பென்சிலால ஒரு கோடு கீறினார். டெனிஷ் பொம்பிளையளின்ர உயரத்துக்குக் கட்டினா உங்களுக்குத் தோள்மூட்டு நோகும், இது உங்கட குசினி எண்டார். என்ர உயரம் என்ன எண்டு அதுக்கு முந்தி என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. கலியாணத்துக்குக் கூடக் கேக்கேல்லை. அவ்வளவுக்குப் பிறகும் அண்டைக்கும் கோப்பி பேணியிலதான் போச்சு.

அண்டைக்கு இவர் வீட்டில இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்தி வாறன். இவர் இல்லாத நாளிலயும் நான் அந்தப் பேணியிலதான் குடுத்தன். ஒருத்தரும் பாக்கேல்லை, ஒருத்தரும் கேக்கப்போறதில்லை, நல்ல கோப்பை அஞ்சு மேல இருந்தது. என்ர கை தானாக் குனிஞ்சு கீழதான் போச்சு. கனகாலமாப் பழியை எல்லாம் இவரின்ர தலையில போட்டுக்கொண்டு திரிஞ்சன். பாதிப் பழி என்ர.

தை மாசக் கடைசியில வேலை முடியிற கட்டம். மில்லுக்குப் பக்கத்தில கோப்பைகளைக் கொழுவ மர முளை அடிச்சுத் தாறன், எத்தினை வேணும் எண்டு கேட்டார். அஞ்சு எண்டன்.

"ஆறு இருந்ததே, தங்கச்சி" எண்டார்.

ஒண்டு உடைஞ்சு போச்சு எண்டன். ஆ, எண்டார். எண்டிட்டு அஞ்சு முளையைச் சீவத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தால, சீவிக்கொண்டே சொன்னார். ஊரில தகப்பனோட போய்க் குசினிக்குக் கூரை போட்டிருக்கிறாராம், குவைத்தில எத்தினையோ வீட்டுக்குக் குசினி செய்திருக்கிறாராம், ஒரு வீட்டிலயும் பால் காய்ச்சேக்க உள்ளுக்க நிண்டதில்லையாம். வேலை முடிஞ்சா வெளிய விட்டிடுவினமாம். ஒருக்காவாவது தான் செய்த அடுப்படியில பொங்கின பாலைக் குடிக்க வேணும் எண்டு ஆசையாம். வெக்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"இஞ்ச பால் காய்ச்சேக்க முதல் கோப்பி எனக்குத் தருவியளோ, தங்கச்சி?"

"ஓம்" எண்டன். "முதல் கோப்பி உங்களுக்குத்தான். என்ர கையால."

உண்மையாத்தான் சொன்னன். சொல்லேக்க எல்லாரும் உண்மையாத்தான் சொல்லுறது.

இவர் அதைக் கேட்டுச் சிரிக்கேல்லை, கோபிக்கவும் இல்லை. ஸ்கீவ எண்ட ஊரில இருந்து இவரின்ர சித்தப்பாவும் சின்னம்மாவும் வரப்போகினம், வேற ரெண்டு காரில எங்கட பக்கத்து ஆக்களும் வரப்போகினம், அவையளுக்கு அந்தக் குறிச்சி நல்லாத் தெரியும். சித்தப்பாதான் இவரைப் படிப்பிச்சு ஆளாக்கினவர். சபைக்குள்ள ஆளை எப்பிடி இருத்துறது? பால் காய்ச்சுறது மாசி மாசம் ஒரு சனிக்கிழமை எண்டு குறிச்சம். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை காலமை வாங்கோ எண்டு அவரிட்டச் சொல்லிப்போட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், மிச்சப் பாலில குடு, அவனுக்கு என்ன தெரியப்போகுது எண்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் இதைக் கேட்ட எனக்கு, வெக்கமா இருக்கேல்லை பாருங்கோ, அப்பாடா எண்டு இருந்தது.

சனிக்கிழமை காலமை வெளியில வெள்ளையா உறைஞ்சு கிடந்தது. வாசலில மூண்டு கார். சப்பாத்துக் குவியல். பதினாலு பேர் புதுக் குசினியைத் தடவித் தடவிப் பாத்தினம். சின்னம்மா மேல் கட்டில கையை வைச்சு, இது உயரம் காணாமல் பதிவாக் கிடக்குதே, அளவு தெரியாதவன் செய்தவனோ எண்டா. கிழவி தன்ர வீட்டிலயிருந்து ஒரு தட்டு நிறையக் கோப்பை கொண்டு வந்து அடுக்கினா. கோப்பை காணாது எண்டு சொல்லித் தப்பவும் வழியில்லை. சாமிப் படத்துக்கு விளக்கைக் கொளுத்தி, பாலை அடுப்பில வைச்சன்.

அப்பதான் பின் கதவு தட்டுப்பட்டுது.

அவர் நிண்டார். தோளில ஒரு அலுமாரிக் கதவு, கழுவுற தொட்டிக்குக் கீழ பொருத்திப் பூட்டுற கதவு. தன்ர அறையில வைச்சு மூண்டு தரம் பெயின்ற் அடிச்சுக் காய வைச்சவர். நாளைக்குப் பால் காய்ச்ச முந்திப் பூட்டிப்போட வேணும் எண்டு, சறுக்குற றோட்டில, அதைச் சுமந்துகொண்டு சைக்கிளை உருட்டி வந்திருக்கிறார். சப்பாத்துக் குவியலைப் பாத்தார். உள்ளுக்க நிண்ட சனத்தைப் பாத்தார். அடுப்பைப் பாத்தார். என்னைப் பாக்கேல்லை.

"கதவைப் பூட்டிப்போட்டுப் போறன்" எண்டார்.

சித்தப்பா, இது ஆர் எண்டு கேட்டார். வேலைக்கு வந்த ஆள் எண்டு இவர் சொன்னார். பதினாலு பேரும் விலகி இடம் விட்டினம். எங்கட சனத்துக்கு விலகுறது நல்லாத் தெரியும். அவர் முழங்காலில இருந்து, தலையை அந்தத் தொட்டிக்குக் கீழ விட்டு, ஸ்குரு ஒண்டு ஒண்டா முறுக்கினார். நாலு ஸ்குரு. உள்ளுக்க ஏதோ தட்டினது கேட்டுது. கதவைச் சாத்திப் பாத்தார், திறந்து பாத்தார், சாத்தினார். எழும்பிப் போய்ப் பின் வாசல் படியில ஆயுதப் பெட்டியோட நிண்டார். போகேல்லை. நான் சொன்ன சொல்லுக்காகத்தான் நிண்டார் எண்டு எனக்குத் தெரியும்.

பால் பொங்கினது. எல்லாரும் பொங்கிட்டுது பொங்கிட்டுது எண்டிச்சினம். நான் கோப்பியை ஊத்தி வடிச்சு ஆத்தினன். முதல் கோப்பையைத் தூக்கேக்க சித்தப்பா கையை நீட்டிப்போட்டார். குடுத்தன். பிறகு சின்னம்மா, பிறகு மற்றவை, பிறகு இவர். இவர் மணந்து பாத்து, கண்ணை மூடி, இண்டைக்கு அருமை எண்டார்.

கிழவிதான் கேட்டா. தச்சருக்கு எங்க, அவருக்கெல்லோ முதல் குடுக்க வேணும் எண்டு டெனிஷில கேட்டா. அவவுக்கு ஒண்டும் தெரியாது, அந்த மனுசன் செய்த வேலையை மட்டும் ஏழு கிழமையாப் பாத்தவ. அவருக்கு அவசரமாம், போகப்போறாராம் எண்டு இவர் அவவுக்குச் சொன்னார். கிழவி விடேல்லை, தட்டில மிஞ்சிக் கிடந்த நீலப்பூக் கோப்பையை எடுத்து என்ர கையில வைச்சா. எல்லாரும் என்னைப் பாத்தினம். சின்னம்மாவின்ர கண் அந்தக் கோப்பையில நிண்டுது.

நான் கோப்பையை மேல் கட்டில வைச்சன். குனிஞ்சு, அந்தப் புதுக் கதவைத் திறந்தன்.

கதவின்ர உட்பக்கத்தில ஒரு முளை இருந்தது. மேல இருக்கிற அஞ்சைப் போலவே சீவி, மினுக்கி, எண்ணெய் பூசின முளை. கொத்துப்பட்ட கைபிடி வழுக்காமல் இருக்க அதில ஒரு சின்ன வெட்டும் வெட்டியிருந்தார். பேணி குப்பை வாளிக்குப் பக்கத்தில இல்லை. அந்த முளையில தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் தெரிஞ்ச மனுசன். முதல் பேணியிலயிருந்தே தெரிஞ்ச மனுசன். தெரிஞ்சுகொண்டு ஏழு கிழமை வந்து, என்ர முழங்கைக்கு அளவெடுத்து, இந்த வீட்டில தனக்கு எது இடமோ அதையும் தன்ர கையாலயே செய்து வைச்சிட்டார். அப்பிடி இருந்தும் முதல் கோப்பி கேட்டவர். எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்து பாத்தவர்.

அந்த நேரத்தில நான் எழும்பி, மேல் கட்டில இருந்த கோப்பையை எடுத்திருக்கலாம். ஒரு அடி தூரம். நான் பேணியைத்தான் எடுத்தன். ஊத்தி, பின் கதவோட ஒட்டின ஜன்னல் கட்டில வைச்சன்.

அவர் படியில நிண்டபடி கையை நீட்டி எடுத்தார். ஆறுதலா, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சார். பிறகு குனிஞ்சு, ஒரு கை ஸ்னோவை அள்ளி, பேணியை உள்ளும் வெளியும் தேய்ச்சுக் கழுவினார். எங்கட ஊரில அவையள் குடிச்ச சிரட்டையை அவையளேதான் கழுவி வைக்கிறது. சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உள்ளுக்க வந்தார். சனம் திரும்பவும் விலகினது. கதவைத் திறந்து, பேணியை முளையில கொழுவி, சத்தமில்லாமல் சாத்தினார். அப்பதான் என்னை நிமிந்து பாத்தார்.

"நல்ல கோப்பி, நாச்சியார்" எண்டார்.

சைக்கிள் போற சத்தம் கேட்டுது. சின்னம்மா கிட்ட வந்து என்ர தலையைத் தடவினா. நல்ல குடும்பத்துப் பிள்ளை, எந்தத் தேசத்துக்கு வந்தும் எதை எங்க வைக்க வேணும் எண்டு தெரியுது எண்டா. இவர் பெருமையாச் சிரிச்சார். இன்னொரு கோப்பை ஊத்து எண்டார். ஊத்தினன்.

அந்த வருசமே அவர் இஷொய்ப் பக்கம் போயிட்டார் எண்டு கேள்விப்பட்டம். மல்லி அனுப்புற பெடியனிட்ட ஒருக்கா அரைச்ச கோப்பித்தூள் ஒரு பை குடுத்து விட்டன். உடைக்காமல் திரும்பி வந்தது. அதை எறிய மனமில்லாமல் நாங்களே குடிச்சு முடிச்சம்.

பிறகு வீட்டை நாங்களே வாங்கினம். இவர் சுவர்க் கடதாசியை மாத்தினார், நிலத்தை மாத்தினார், ஜன்னலை மாத்தினார். குசினியில மட்டும் கை வைக்க நான் விடேல்லை. அதைப் பாசம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். அந்தக் கட்டில வேலை செய்தா எனக்குத் தோள் நோகிறதில்லை, அவ்வளவுதான்.

பிறகு பிறந்த மகளுக்கு நாலு வயசிருக்கும். ஒருநாள் பின்னேரம் அந்தக் கீழ்க் கதவைத் திறந்து, பேணியைக் கழட்டி எடுத்து, இதில பால் தா எண்டு நீட்டினாள். அடுத்த நொடி என்ர கை அவளின்ர கன்னத்தில கிடந்தது. பிள்ளை அழேல்லை, திகைச்சுப் போய் நிண்டாள். ஏன் எண்டு டெனிஷில கேட்டாள். திரும்பவும் கேட்டாள். பதில் எனக்கு நல்லாத் தெரியும், அதுதான் கேவலம். பேணியை அவளின்ர கையிலயிருந்து பறிச்சு, சுடுதண்ணி ஊத்தி அலசி, அந்த முளையிலயே திரும்பக் கொழுவினன்.